கவித்திறன்: பிறவியா, பயிற்சியா?

படைப்பாற்றல் பிறவியிலேயே அமைவதா, பயிற்சியால் வருவதா என்பது எல்லாக் கலைகளுக்கும் பொதுவான கேள்வி. தமிழில் இது பெரும்பாலும் கவிதையை முன்வைத்தே பேசப்பட்டு வந்திருக்கிறது. ஒருவர் நன்றாக எழுதினால் அவரைக் கருவிலே திருவுடையவர் என்று சொல்வது வழக்கம். அதே மரபில், ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்று ஓவியத்தையும் செந்தமிழையும் கல்வியையும் நடத்தையையும் பழக்கத்தால் வருபவை என்று கூறுகிறது. நட்பு, இரக்கம், கொடை ஆகிய மூன்றை மட்டுமே அது பிறவிக்குணம் என்று ஒதுக்குகிறது.

இவ்விரண்டு கருத்துகளும் இன்றும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கின்றன. எழுத்துப் பயிற்சிப் பட்டறைகள் நடத்துவோர் பழக்கத்தை நம்புகின்றனர். அவற்றைக் கேலி செய்வோர் பிறவியை நம்புகின்றனர். தமிழ்க் கவிதையின் வரலாற்றை இக்கேள்வியோடு திரும்பிப் பார்த்தால், இரு தரப்பினரும் கவனிக்காத ஒன்று தெரியவருகிறது. பிறவித்திறன் என்று ஒன்று இருக்கலாம். ஆனால் அது யாரிடம் இருக்கிறது என்பதைப் பயிற்சிக்கு முன்னால் யாராலும் சொல்ல முடிந்ததில்லை. பயிற்சி கிடைக்காதவர்களிடம் இருந்த திறன் எவருக்கும் தெரியாமலே போயிருக்கிறது.

அணிநூலாரின் விவாதம்

இந்தியக் காவிய இயலில் இக்கேள்வி ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக விவாதிக்கப்பட்டது. அவ்விவாதத்தின் முக்கியமான தொடக்கப் புள்ளிகளுள் ஒன்று தமிழகத்தைச் சேர்ந்தது. பல்லவர் காலக் காஞ்சியோடு தொடர்புடையவரான தண்டி தம் 'காவ்யாதர்ச'த்தில் கவிதைச் செல்வத்துக்குக் காரணமாக மூன்றைச் சொல்கிறார்: இயல்பாக அமைந்த பிரதிபை, பரந்த மாசற்ற கல்வி, சோர்வில்லாத பயிற்சி. இந்நூலை அடியொற்றியே 12-ஆம் நூற்றாண்டளவில் தமிழில் 'தண்டியலங்காரம்' எழுந்தது.

தண்டி அத்துடன் நிற்கவில்லை. முற்பிறவி வாசனையால் வரும் அந்தப் பிரதிபை ஒருவருக்கு இல்லாவிட்டாலும், கல்வியாலும் முயற்சியாலும் வழிபட்டால் கலைமகள் ஏதேனும் ஓர் அருளைச் செய்தே தீர்வாள் என்று அடுத்த பாடலில் சேர்க்கிறார். திறமை தமக்கு இல்லை என்று அஞ்சும் மாணவனுக்கு ஓர் ஆசிரியர் சொல்லும் வார்த்தை இது. அந்த அருள் எந்த அளவுக்கு என்பதை அவர் சொல்லாமல் விட்டதும் கவனிக்கத்தக்கது.

9-ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் வாழ்ந்த ஆனந்தவர்த்தனர் இவ்வளவு தாராளமாகப் பேசவில்லை. கல்விக் குறைவால் வரும் பிழையைக் கவியின் ஆற்றல் மறைத்துவிடும். ஆற்றல் குறைவால் வரும் பிழையோ உடனே கண்ணில் படும் என்பது அவர் கருத்து. 11-ஆம் நூற்றாண்டின் மம்மடர் 'காவ்யப்பிரகாச'த்தில் ஆற்றல், தேர்ச்சி, பயிற்சி என்னும் மூன்றையும் வேறு வேறு காரணங்களாகக் கொள்ளவில்லை. மூன்றும் சேர்ந்தே ஒரு காரணம் என்று சொல்ல, வேண்டுமென்றே ஒருமையைப் பயன்படுத்துகிறார். ஒன்று மட்டும் இருந்து பயனில்லை என்பது அதன் பொருள்.

17-ஆம் நூற்றாண்டின் ஜகந்நாத பண்டிதர் விவாதத்தை வேறொரு திசையில் நகர்த்தினார். கவிதைக்குக் காரணம் பிரதிபை மட்டுமே என்று அவர் உறுதியாகச் சொன்னார். ஆனால் அந்தப் பிரதிபையே சிலருக்குத் தெய்வ அருளாலும் பெரியோர் அருளாலும் பிறக்கிறது, வேறு சிலருக்குக் கல்வியாலும் பயிற்சியாலும் பிறக்கிறது என்றார். இன்று இரு எதிர்முனைகளாக நிறுத்தப்படும் இரண்டும் அவரிடம் ஒரே இடத்துக்குச் செல்லும் இரு பாதைகளாக இருக்கின்றன.

இவ்விவாதத்தில் இன்றைய வாசகருக்கு மிகவும் பயன்படக்கூடிய பாகுபாடு ராஜசேகரருடையது. 'காவ்யமீமாம்ஸை'யில் அவர் பிரதிபையை இரண்டாகப் பிரித்தார். ஒன்று படைப்பவனுடைய பிரதிபை; மற்றொன்று உணர்ந்து சுவைப்பவனுடைய பிரதிபை. சுவைப்பதும் ஒரு பிரதிபை என்று ஏற்றுக்கொண்டால், கவிதைக் கல்வியின் பயனைக் கவிஞர்களின் எண்ணிக்கையால் மட்டும் அளக்க முடியாது.

அருள் கதைகள் மறைப்பவை

தமிழ் மரபு இக்கேள்விக்குக் கோட்பாடாக அல்லாமல் கதைகளாகவே பெரிதும் விடை சொல்லியது. மூன்று வயதில் ஞானப்பால் உண்டு பாடிய சம்பந்தர், கோயில் மடைப்பள்ளியில் வேலை செய்தவராக இருந்து அகிலாண்டேசுவரியின் தாம்பூலத்தால் கவியான காளமேகம், ஐந்து வயதுவரை பேசாதிருந்து திருச்செந்தூரில் வாய் திறந்த குமரகுருபரர் என அக்கதைகள் பல. எல்லாவற்றிலும் திறன் ஒரு கணத்தில் வெளியிலிருந்து வருகிறது. கற்ற ஆண்டுகள் எதுவும் கதையில் இடம்பெறுவதில்லை.

ஆனால் கவிதைகளைப் பார்த்தால் அந்த ஆண்டுகள் தெரிகின்றன. காளமேகத்தின் புகழ் சிலேடையால் வந்தது. ஒரே சொற்றொடர் இரு வேறு பொருள்களுக்கு முழுமையாகப் பொருந்த வேண்டுமானால், ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களும் ஒரு தொடரைப் பிரிக்கக்கூடிய பல வழிகளும் நாவில் தயாராக இருக்க வேண்டும். நிகண்டுப் பயிற்சிக்கு நிகரான சொல்வளம் இல்லாமல் இது நடக்காது. குமரகுருபரரோ பிற்காலத்தில் 'சிதம்பரச் செய்யுட் கோவை' இயற்றினார். பாவகைகளுக்கும் பாவினங்களுக்கும் எடுத்துக்காட்டுகள் அடங்கிய நூல் அது. அருளால் வாய் திறந்தவர் என்று போற்றப்படும் கவிஞரே யாப்புக் கற்போருக்குப் பயன்படும் நூலை உட்கார்ந்து எழுதியிருக்கிறார்.

இதனால் அருள் கதைகளை வெறும் பொய் என்று தள்ளிவிடவும் வேண்டியதில்லை. புலவர் குடும்பமோ மடத்தின் ஆதரவோ இல்லாத ஒருவர் திடீரென்று நன்றாகப் பாடினால், சபை அவரை ஏற்றுக்கொள்ள ஒரு காரணம் தேவைப்பட்டது. மடைப்பள்ளிப் பணியாளர் புலவர்களுக்குச் சமமாக அமர்வதற்குத் தெய்வத்தின் சான்றிதழ் உதவியது. அந்த வகையில் பிறவி அல்லது அருள் என்ற வாதம் சிலருக்குக் கதவைத் திறந்தது. அதே வாதம் பின்னாளில் பலருக்குக் கதவை மூடவும் பயன்பட்டது. திறன் அருளால் வருவதென்றால், அது வராதவர்களுக்குக் கற்பிக்க வேண்டிய கடமை எவருக்கும் இல்லை.

மகாவித்துவானும் மாணவர்களும்

பழைய முறையில் செய்யுள் எப்படிக் கற்பிக்கப்பட்டது என்பதற்கு 19-ஆம் நூற்றாண்டிலிருந்து விரிவான பதிவு ஒன்று இருக்கிறது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் (1815-1876) வாழ்க்கையை அவருடைய மாணவர் உ.வே. சாமிநாதையர் எழுதியிருக்கிறார். தம் மாணவப் பருவத்தைத் தன்வரலாறான 'என் சரித்திர'த்திலும் விவரித்திருக்கிறார்.

மீனாட்சிசுந்தரம் பிள்ளை பார்ப்பவருக்குப் பிறவிக்கவி என்றே தோன்றியிருப்பார். அவர் செய்யுள்களை வாயால் சொல்லிக்கொண்டே போவார். மாணவர் ஒருவர் ஏட்டில் எழுதுவார். இருபதுக்கும் மேற்பட்ட தலபுராணங்களையும் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கலம்பகம், கோவை எனப் பல பிரபந்தங்களையும் அவர் இயற்றினார். ஆனால் அந்த வேகத்துக்குப் பின்னால் இருந்த உழைப்பையும் உ.வே.சா. பதிவு செய்திருக்கிறார். தமிழாசிரியரான தந்தையே பிள்ளையின் முதல் ஆசிரியர். அதன் பின் யாரிடம் எந்த ஏடு இருக்கிறதோ அவரைத் தேடிச் சென்று படித்தார். தண்டியலங்காரம் ஒரு பரதேசியிடம் இருப்பதை அறிந்து, அவர் பிச்சைக்குச் செல்லும்போதெல்லாம் உடன் நடந்து, அவருக்கு வேண்டியதை வாங்கிக் கொடுத்து, அந்நூலைப் பாடம் கேட்டார். கவித்திறனுக்கு மூன்று காரணங்கள் சொன்ன தண்டியின் வழியில் வந்த நூலை ஒருவர் தெருத்தெருவாக நடந்து கற்றார் என்பது இந்த விவாதத்துக்கே ஒரு விடைபோல் இருக்கிறது.

உ.வே.சா. 1871-இல் மாயூரத்தில் பிள்ளையிடம் சேர்ந்தார். அதற்கு முன்பே செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக்காரிகை பாடம் கேட்டிருந்தார். பிள்ளையிடம் அவர் கற்றவற்றில் பெரும்பகுதி பிரபந்தங்களும் புராணங்களும்தான். இலக்கணத்தை முதலில் முடித்துவிட்டு இலக்கியத்துக்குச் செல்லும் முறையாக அது இருக்கவில்லை. ஒரு நூலைப் பாடல் பாடலாகக் கேட்பது, மனப்பாடம் செய்வது, ஆசிரியர் புதிதாகச் சொல்லும் செய்யுளை ஏட்டில் எழுதுவது ஆகியவையே அன்றாடப் பாடம். அம்பர்ப் புராணத்தைப் பிள்ளை சொல்லச் சொல்ல உ.வே.சா. எழுதினார். ஒரு செய்யுள் எப்படித் தொடங்குகிறது, எங்கே எதுகைக்காக ஒரு சொல் தேடப்படுகிறது என்பதை ஆக்கும் இடத்திலேயே அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு அது. இன்றைய எந்தப் பட்டறையும் தர முடியாத அளவு நெருக்கம்.

ஐந்தாண்டுக்கால நெருக்கத்தின் விளைவு என்ன? உ.வே.சா. செய்யுள் எழுதக் கற்றார். தேவைப்பட்டபோது எழுதவும் செய்தார். ஆனால் கவிஞராக அவரை எவரும் நினைவுகூர்வதில்லை. 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்த அவர், சேலம் இராமசுவாமி முதலியாரின் தூண்டுதலால் சீவக சிந்தாமணியைப் படிக்கத் தொடங்கி 1887-இல் அதைப் பதிப்பித்தார். 1894-இல் புறநானூறு வந்தது. சிதைந்த ஏட்டில் ஒரு சொல்லின் சரியான வடிவம் எது, ஓர் அடி எங்கே முடிகிறது, எந்தப் பாடம் கவியினுடையது, எது எழுதியவர் பிழை என்று தீர்மானிக்க அவருக்குத் துணைநின்றது செய்யுள் ஓசை ஊறிப்போன செவி. பிள்ளையின் அருகில் இருந்து பெற்றதுதான் அந்தச் செவி. ராஜசேகரர் சொன்ன இரண்டாம் பிரதிபைக்கு இதைவிடப் பொருத்தமான சான்று தமிழில் இல்லை. தமது முதுமையில் அவர் எழுதிய உரைநடையோ படைப்பு என்றே கொள்ளத்தக்கது. அதை அவருக்கு எந்த ஆசிரியரும் கற்பிக்கவில்லை.

ஆகவே மகாவித்துவான் கற்பித்ததும் மாணவர் பெற்றதும் ஒன்றல்ல. செய்யுள் இயற்றக் கற்பிக்கும் முறை ஒரு பதிப்பாசிரியரையும் உரைநடையாளரையும் உருவாக்கியது. பிள்ளையின் நண்பர் வட்டத்தில் இருந்த மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை 1879-இல் தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை வெளியிட்டார். அந்த வடிவத்துக்குத் தமிழில் ஆசிரியரே அப்போது இல்லை. கற்பித்தல் ஒரு திறனை வளர்க்கிறது. அத்திறன் எந்த வடிவில் வெளிப்படும் என்பதைக் கற்பிப்பவர் முன்கூட்டி அறிவதில்லை.

பிழையுள்ள பாட்டு

பயிற்சியை நம்பும் மரபு தன் எல்லையைச் சந்தித்த இடமும் இதே மாயூரத்தில் இருக்கிறது. கோபாலகிருஷ்ண பாரதியார் 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை'யை இயற்றிவிட்டு மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சிறப்புப்பாயிரம் கேட்டார். நூலில் இலக்கணப் பிழைகள் இருந்ததால் பிள்ளைக்குப் பாயிரம் தர மனமில்லை; நாள் கடத்தினார். பாரதியாரோ திரும்பத் திரும்ப வந்தார். ஒரு நாள் அவர் தம் கீர்த்தனையைத் தாமே பாட, அதைக் கேட்ட பிள்ளை மனம் உருகிப் பாயிரம் கொடுத்தார். உ.வே.சா. சொல்லும் நிகழ்ச்சி இது.

இந்நிகழ்ச்சி இலக்கணத்தின் மீது உணர்ச்சி பெற்ற வெற்றியாகவே வழக்கமாகச் சொல்லப்படுகிறது. அதில் உண்மை உண்டு. தாழ்த்தப்பட்ட பண்ணையாள் ஒருவர் தில்லையைக் காண ஏங்கும் ஏக்கம் அப்பாட்டில் இருந்தது. அதை எந்தக் காரிகையும் கற்பிக்காது. ஔவையார் பெயரிலான தனிப்பாடல் பிறவிக்குணம் என்று ஒதுக்கிய இரக்கமே அங்கு வேலை செய்தது என்றும் சொல்லலாம்.

ஆனால் கோபாலகிருஷ்ண பாரதியார் பயிற்சியற்றவர் அல்லர். இசையிலும் வேதாந்த நூல்களிலும் முறையாகப் பயின்றவர். அவர் பிழை செய்தது பிள்ளையின் துறையில். தேர்ச்சி பெற்றிருந்தது தம்முடைய துறையில். ஆகவே அங்கு நடந்தது பயிற்சிக்கும் பிறவித்திறனுக்கும் இடையிலான மோதல் அன்று. செய்யுட்பயிற்சி இசைப்பயிற்சியைச் சந்தித்து, அதன் மதிப்பை ஒப்புக்கொண்டது.

ஒரு துறையின் பயிற்சி இன்னொன்றின் வாயிலை அடைத்துவிடுவதும் உண்டு. மாயூரத்தில் உ.வே.சா. கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசையும் கற்கத் தொடங்கினார். இசைப்பழக்கம் இலக்கியப் பயிற்சிக்கு இடையூறு என்று பிள்ளை கருதியதால் அதை நிறுத்திவிட்டார். அவரிடம் எத்தகைய இசைத்திறன் இருந்தது என்பதை இனி யாரும் அறிய முடியாது. நல்ல ஆசிரியர் ஒருவருடைய விருப்பமின்மையாலும் ஒரு திறன் வெளிவராமல் போகலாம் என்பதற்கு இது சான்று.

பிறவிக்கவி எனப்பட்டவர்

பிறவிக்கவி என்றதும் தமிழர் நினைவுக்கு முதலில் வரும் பெயர் சுப்பிரமணிய பாரதி (1882-1921). பதினொரு வயதளவில் எட்டயபுரத்தில் புலவர்கள் முன்னிலையில் 'பாரதி' என்னும் பட்டம் பெற்றவர் என்பது அவருடைய வரலாற்றில் தவறாமல் இடம்பெறும் செய்தி. இளமையிலேயே மொழியும் ஓசையும் அவருக்கு வசப்பட்டிருந்தன என்பதில் ஐயமில்லை.

ஆனால் அவருடைய ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் பிறவி மட்டும் விளக்க முடியாத ஒரு வளர்ச்சி தெரிகிறது. 1904-இல் மதுரையின் 'விவேகபாநு' இதழில் வெளியான 'தனிமை இரக்கம்' பழைய புலமை நடையில் அமைந்தது. அந்த நடையில் எழுத வல்லவர்கள் அன்று வேறு பலரும் இருந்தனர். 'கண்ணன் பாட்டு', 'குயில் பாட்டு', 'பாஞ்சாலி சபதம்' ஆகியவற்றோடு இணைத்துப் பேசப்படும் ஆண்டு 1912. இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் அவர் சுதேசமித்திரனில் நாள்தோறும் மொழிபெயர்த்தார், 'இந்தியா' இதழை நடத்தினார், அரசியலில் இறங்கினார், புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்தார். அதற்கு முன் காசியில் வாழ்ந்த காலம் அவருக்கு வேறு மொழிகளைத் தந்திருந்தது. ஷெல்லிமீது கொண்ட ஈடுபாட்டால் 'ஷெல்லிதாசன்' என்றும் புனைபெயர் வைத்துக்கொண்டார்.

செய்யுளில் அவர் செய்த மாற்றமும் வெறுமையிலிருந்து பிறந்ததன்று. சிந்து, கும்மி முதலிய மக்கள் வடிவங்களை அவர் கேட்டுப் பழகி எடுத்தாண்டார். வ.உ.சிதம்பரம் பிள்ளைக்கு ஆட்சியர் விஞ்ச் சொல்லுவதாக அமைந்த பாடலை நந்தனார் சரித்திரக் கீர்த்தனையின் மெட்டிலேயே எழுதினார். ஆண்டை நந்தனிடம் பேசும் அதிகாரக் குரலை வெள்ளை அதிகாரியின் வாயில் வைத்ததுதான் அப்பாடலின் கூர்மை. மெட்டு கோபாலகிருஷ்ண பாரதியாரிடமிருந்து கற்றது. அதை எங்கே வைப்பது என்ற முடிவு சுப்பிரமணிய பாரதியுடையது. படைப்பாற்றல் என்று சொல்லப்படுவதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் இந்த முடிவில் பார்க்கலாம். முதலாவது இல்லாமல் இரண்டாவதற்கு இடமே இருந்திருக்காது.

பட்டறையும் சிற்றிதழும்

20-ஆம் நூற்றாண்டில் படைப்பெழுத்தைப் பல்கலைக்கழகப் பாடமாக்கும் முயற்சி அமெரிக்காவில் வலுப்பெற்றது. 1936-இல் தொடங்கப்பட்ட அயோவா எழுத்தாளர் பட்டறை அதன் முன்னோடி. எழுத்தைக் கற்பிக்க முடியாது, இருக்கும் திறமையை வளர்க்கலாம் என்பதையே அந்தப் பட்டறையும் தன் நிலைப்பாடாகக் கொண்டிருக்கிறது. 1967-இல் அதே பல்கலைக்கழகத்தில் பல நாட்டு எழுத்தாளர்களை அழைத்துத் தங்கவைக்கும் திட்டம் ஒன்று தனியாகத் தொடங்கியது. அதில் பங்கேற்ற அசோகமித்திரன் அந்த அனுபவத்திலிருந்து 'ஒற்றன்' நாவலை எழுதினார். அங்கே அவருக்கு எழுதக் கற்றுக்கொடுக்கப்படவில்லை. நேரமும் பிற எழுத்தாளர்களின் அண்மையும் கிடைத்தன.

தமிழில் அந்த அண்மையைத் தந்தவை சிற்றிதழ்கள். சி.சு.செல்லப்பா 1959 முதல் 1970 வரை நடத்திய 'எழுத்து' இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ந.பிச்சமூர்த்தி போன்ற மூத்தவரும், பசுவய்யா என்ற பெயரில் எழுதிய சுந்தர ராமசாமியும், திருகோணமலையிலிருந்து வந்த இளைஞரான தர்மு சிவராமுவும் அதில் ஒருவரையொருவர் படித்தனர். கவிதையின் பக்கத்திலேயே அதை வரிவரியாக ஆராயும் அலசல் விமர்சனமும் வெளிவந்தது. எது கவிதை, எது உடைத்துப்போட்ட உரைநடை என்ற விவாதம் அங்கேயே நடந்தது. 1962-இல் செல்லப்பா வெளியிட்ட 'புதுக்குரல்கள்' தொகுப்பு அந்தப் பயிற்சியின் விளைச்சல்.

நன்னூலின் பொதுப்பாயிரம் இதை முன்பே கணக்கிட்டிருக்கிறது. ஆசிரியர் சொன்னதை நன்றாகக் கேட்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது காற்பங்கு. உடன் பயில்வோருடன் பழகுவதால் இன்னொரு காற்பங்கு. மீதியுள்ள பாதி, தான் பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் நிறைகிறது. மகாவித்துவானின் வீட்டிலும் 'எழுத்து' இதழிலும் நடந்தது இதுவே. கற்பிக்க முடியுமா என்ற கேள்வி ஆசிரியரின் காற்பங்கை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

வகுப்பறையில் காணாமற்போனது

இன்றைய தமிழ்க் கல்வியில் யாப்பு இல்லாமல் இல்லை. பள்ளி மாணவர்கள் குறளை அலகிட்டு அசை பிரித்து வாய்பாடு எழுதுகிறார்கள். தேமா, புளிமா, நாள், மலர், காசு, பிறப்பு என்பவை மதிப்பெண்ணுக்குரிய சொற்கள். ஆனால் அந்த வாய்பாட்டை வைத்து ஒரு வெண்பா எழுதிப் பார் என்று வகுப்பறையோ தேர்வோ கேட்பது அரிது. பிரித்துப் பார்ப்பதற்கான கருவியாக யாப்பு எஞ்சிவிட்டது. செய்து பார்ப்பதற்கான கருவியாக அது இல்லை. தச்சுப் பட்டறையில் சேர்ந்தவனுக்கு நாற்காலியின் உறுப்புப் பெயர்களை மட்டும் சொல்லிக்கொடுத்து அனுப்புவதற்கு இது ஒப்பாகும்.

இதற்கு நியாயமான பதில் ஒன்று உண்டு. எல்லாரும் வெண்பா எழுதினால் மோசமான வெண்பாக்கள் பெருகும். 19-ஆம் நூற்றாண்டுத் தலபுராணங்களைப் பற்றி நவீன விமர்சகர்கள் பலர் வைக்கும் குற்றச்சாட்டும் இதுவே: பயிற்சி இருந்தது, செய்யுள் பெருகியது, கவிதை அருகியது. இந்தக் குற்றச்சாட்டில் பெரும்பகுதி சரி. செய்யுள் வேகத்தைக் கவித்துவம் என்று எண்ணியது அந்தக் காலத்தின் மயக்கம்.

இருந்தாலும் அதிலிருந்து பயிற்சி வீண் என்ற முடிவு வராது. ஒரு வகுப்பில் நாற்பது பேர் வெண்பா எழுதினால் பெரும்பாலானவை தட்டையாக இருக்கும். ஒன்றோ இரண்டோ வேறுமாதிரி இருக்கும். அந்த வேறுபாடு அனைவரும் எழுதியதால் மட்டுமே தெரியவருகிறது. எழுதிப் பார்த்த மற்றவர்களும் வெறுங்கையோடு திரும்புவதில்லை. நல்ல வெண்பாவின் ஈற்றடியில் ஓசை எப்படி வந்து நிற்கிறது என்பதைத் தாமே முயன்று தோற்றவர், முயலாதவரைவிடக் கூர்மையாகக் கேட்கிறார். உ.வே.சா.வின் செவி அப்படி உருவான செவிதான்.

வாய்ப்புப் பெற்றவர்கள்

பிறவி என்ற வாதத்தைப் பரிசோதிக்கச் சங்கப் புலவர்களின் பெயர்ப்பட்டியல் உதவும். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி வணிகர். கூலவாணிகன் சாத்தனார் தானிய வணிகர். தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார் பொற்கொல்லர். வெண்ணிக் குயத்தியார் குயவர் குலப் பெண். முப்பதுக்கும் மேற்பட்ட பெண்களின் பெயர்கள் அப்பட்டியலில் இருக்கின்றன. இத்தனை தொழிலினரும் திணை, துறை, முதல், கரு, உரி என்ற ஒரே கவிமொழியில் பாடினார்கள். ஒவ்வொருவரும் தனித்தனியே அதைப் பிறவியில் கொண்டுவந்திருக்க முடியாது. பலருக்கும் எட்டும்படி இருந்த பொதுப் பயிற்சி ஒன்று அதன் பின்னால் இருந்திருக்க வேண்டும்.

பின்னைய நூற்றாண்டுகளில் செய்யுட்கல்வி திண்ணைக்கும் மடத்துக்கும் சுருங்கியபோது பெண் பெயர்கள் மிகவும் குறைந்துவிட்டன. மீனாட்சிசுந்தரம் பிள்ளை சாதி சமயம் கடந்து மாணவர்களை ஏற்றவர். சவரிராயலு நாயகர் என்ற கிறித்தவரும் அவரிடம் கற்றார். அத்தகைய வட்டத்திலும் பெண் மாணவர் இல்லை. பிறவித்திறன் ஒரு காலத்தில் பெண்களுக்கு வாய்த்து, இன்னொரு காலத்தில் வாய்க்காமல் போனது என்று நம்புவதற்கு எந்தக் காரணமும் இல்லை. மாறியது பிறவி அன்று. யாருக்கு ஏடு கொடுக்கப்பட்டது என்பதே மாறியது. நந்தனின் ஏக்கத்தைப் பாட்டாக்கியவர் ஒரு பிராமணர். அந்த ஏக்கத்தைத் தாமே அனுபவித்த சேரிகளில் எத்தனை பேர் அதைப் பாடக்கூடியவர்களாக இருந்தார்கள் என்பதற்கு ஏட்டில் சான்று இல்லை.

மதிப்பீடு

படைப்பாற்றலைக் கற்பிக்க முடியுமா என்ற கேள்விக்குத் தமிழ் மரபின் சான்றுகள் தரும் விடை ஓரளவு தெளிவானது. வடிவத்தையும் செவியையும் சொல்வளத்தையும் கற்பிக்கலாம். நந்தனார் மெட்டில் விஞ்ச் துரையைப் பேசவைக்கும் முடிவைக் கற்பிக்க முடியாது. ஆனால் அந்த முடிவை எடுக்கக்கூடியவர் யார் என்று ஒரு வகுப்பறையிலோ ஊரிலோ முன்கூட்டியே சுட்டிக்காட்டவும் முடியாது.

ஆகையால் பிறவித்திறனை நம்புகிறவர்களே கற்பித்தலை அதிகம் வற்புறுத்த வேண்டியவர்கள். திறன் அரிதானது என்றால் அதைத் தேடும் வலை அகலமாக இருக்க வேண்டும். திறமை உள்ளவர் எப்படியும் மேலே வந்துவிடுவார் என்னும் வாதம், மேலே வந்தவர்களை மட்டும் எண்ணிப் பார்த்துச் சொல்லப்படுவது. பரதேசியின் பின்னால் நடக்கவும் அவருக்கு வேண்டியதை வாங்கிக் கொடுக்கவும் மீனாட்சிசுந்தரம் பிள்ளையால் முடிந்தது. அந்த ஏடு வேறு எவர் கைக்கெல்லாம் போயிருக்கலாம் என்பதே இக்கேள்வியில் இன்னும் விடை காணப்படாத பகுதி.